காருக்குள் நான் ஏன் பேசவில்லை

ஹார்பின்,
ஜனவரி மாதம், பெருங்குளிர்ப் பருவம் பிறந்த மறுநாள்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. ஹுவோ பிங்குன் அவர்களுக்கு (சம்பந்தி என்று அழைக்கும் உரிமை இந்தக் கடிதம் வந்து சேரும்வரையாவது எனக்கு இருக்கும் என்ற நம்பிக்கையில்) குவான் ஷோயீ பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி குய்ஃபென்னும் நலம். கார் சுமார். அங்குத் தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமா? சம்பந்தியம்மாவின் காதுகளில் உணர்வு திரும்பிவிட்டதா? ஃபோஷானில் இந்த மாதத்திலும் மரங்களில் இலை இருக்கிறது என்று என் மகள் யீநான் சொல்கிறாள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, தங்கள் மகன் ஜியாலாங்குக்கு யீநானைக் கேட்டு, ஊர் திரும்பிப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. வேலைக்குத் திரும்பிவிட்ட ஜியாலாங்கைக் கேட்டால், "அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார்" என்கிறாராம். புத்தாண்டு வரை விடுப்பு எடுத்து எங்களோடு தங்கியிருக்கும் யீநான் சரியாகச் சாப்பிடுவதில்லை. நானே தங்களுக்குப் போன் பண்ணிப் பேசிவிடுகிறேன் என்றேன். "அப்பா, நீங்க பேசினா மிச்சம் இருக்கறதும் போயிடும். எழுதுங்க. நான் படிச்சுப் பார்த்து, வெட்ட வேண்டியதை வெட்டி அனுப்பறேன்" என்றாள். ஆகவே எழுதுகிறேன். விமான நிலையத்திலிருந்து வீடு வரை, தாங்கள் மூன்று முறை கேட்டும் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதைத் தாங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். அது எங்கள் குடும்பத்தின் குணம் இல்லை. அது காரின் குணம்.

இந்த மின்சாரக் காரை நாங்கள் வாங்கியது ஜூன் மாதம். விற்ற பையன், ஒரு தடவை சார்ஜ் போட்டால் பக்கத்து மாகாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பலாம் என்றான். அவன் பொய் சொல்லவில்லை, ஜூனில் சொன்னான். கோடை முழுக்க நானும் குய்ஃபென்னும் ஆற்றங்கரைச் சாலையில் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனதை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது. நவம்பரில் ஆறு உறைந்தது, பேட்டரியும் படுத்துக்கொண்டது. ஓட்டுநர் முன்னால் இருக்கும் திரையில் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று ஓர் எண் தெரியும். காலையில் அது ஒன்று சொல்லும், காய்கறிச் சந்தைக்குப் போய் வருவதற்குள் பாதியைத் தின்றிருக்கும். ஹீட்டரைப் போட்டால் கண்ணெதிரே குறையும். அதனால் எங்கள் காரில் ஹீட்டர் போடுவதில்லை. பழைய பட்டாளத்துக் கோட்டு, காதுமடல் வைத்த தொப்பி, மடியில் வெந்நீர்ப் பை, இவைதான் ஹீட்டர். காரின் பானெட்டை மூடவென்று குய்ஃபென் சிவப்பில் பெரிய பெரிய பூப்போட்ட துணியில் ஒரு பஞ்சு மெத்தைப் போர்வை தைத்துப் போட்டிருக்கிறாள். விமான நிலைய வாசலில் அதைப் பார்த்துவிட்டு சம்பந்தியம்மா, "எங்களுக்காகக் கல்யாண வண்டி மாதிரி அலங்காரம் பண்ணிட்டு வந்திருக்காங்களே" என்று பூரித்துப்போனார். மறு நிமிஷமே நான் அதை உருவி அவர் மேலேயே சுற்றினேன். குளிருமே என்ற அக்கறையில்தான் சுற்றினேன், முகத்தையும் சேர்த்து மூடியது கைதவறி நடந்தது.

இனிப் பேச்சு விஷயம். ஹீட்டர் இல்லாத காருக்குள், வெளியே குளிர் கொன்றுபோடும் நேரத்தில், ஒருவர் வாயைத் திறந்து நான்கு வார்த்தை பேசினால் அந்த மூச்சு முன் கண்ணாடியில் உள்பக்கமாகப் போய் ஒட்டி உறைந்துவிடும். சாதாரண மனிதர் பேசினால் மெல்லிசாக உறையும். நான் இந்த ஊர் ரயில் நிலையத்தில் ஓய்வு பெறும்வரை ஒலிபெருக்கியில் வண்டி அறிவித்தவன், எனக்குச் சுருக்கமாகப் பேச வராது. டிசம்பர் ஆரம்பத்தில் ஒருநாள் முட்டைக்கோஸ் விலையைப் பற்றி குய்ஃபென்னுக்கு விளக்கிக்கொண்டே ஓட்டியபோது, கண்ணாடி மொத்தமும் வெள்ளையாகி, சாலையோரம் குவித்து வைத்திருந்த பனியில் காரைச் சொருகினேன். போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"குடிச்சிருக்கீங்களா பெரியவரே?"

"இல்லைங்க."

"பின்ன என்ன பண்ணிட்டு வந்தீங்க?"

"பேசிட்டு வந்தேன்."

அவர் குய்ஃபென்னைப் பார்த்தார். "ஆமாங்க, பேசிட்டுத்தான் வந்தார். இவர் பேச்சுல நான் எத்தனையோ தடவை பள்ளத்துல விழுந்திருக்கேன், கார் விழறது இதுதான் முதல் தடவை" என்றாள் அவள். அன்றிலிருந்து எங்கள் காரில் பேச்சு தடை. ஏறினால் இறங்கும்வரை வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும், அதுவும் அளவாக, மூச்சு விட வேண்டும். அவசரமென்றால் கையைக் காட்டலாம். குய்ஃபென்னுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பிடித்துவிட்டது என்றால், நம் ஊரில் குளிர்காலம் ஆறு மாதம்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் நீளக் கூடாதா என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

இந்த விதியைத் தங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். விமான நிலையத்துக்குள் தங்களோடு நடந்து வந்தபோது நான் எங்கள் ஆறு, மாதா கோவில், ஊறுகாய் முட்டைக்கோஸ், என் முழங்கால் என்று எல்லாவற்றைப் பற்றியும் சொன்னேன், இதை மட்டும் விட்டுவிட்டேன். பாரம் கூடினால் தூரம் குறையும் என்று பிள்ளைகள் இருவரையும் பெட்டிகளோடு டாக்சியில் அனுப்பிவிட்டதால், காருக்குள் எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. சம்பந்தியம்மா மடியில் வைத்திருந்த ஆரஞ்சுப் பழக் கூடையை வாங்கி டிக்கியில் போட்டேனே, அது மரியாதைக் குறைவு இல்லை. பழங்களும் மூச்சு விடுகின்றன என்று எங்கோ படித்திருக்கிறேன். வீட்டில் வந்து எடுத்தபோது அத்தனையும் கூழாங்கல் ஆகியிருந்ததைத் தாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும்.

கார் கிளம்பிச் சிறிது நேரத்தில் தாங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குவான் அண்ணா, எங்க பையனைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டீர்கள். தாங்கள் அதிகம் பேசாதவர் என்று யீநான் முன்பே சொல்லியிருந்தாள். அந்த ஒரு கேள்விக்காக எத்தனை நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருப்பீர்கள் என்று எனக்குப் புரிந்தது. பாதிக் கண்ணாடி அப்போதே வெளுத்துவிட்டது, எதிரே லாரி. நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினேன். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். இரண்டாம் முறை கேட்டபோது துண்டை எடுத்து நீட்டினேன். வாயில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். மூன்றாம் முறை கேட்டபோது என் பக்க ஜன்னலைத் திறந்தேன். அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, எனக்கே மூச்சு முட்டியது.

அதற்குள் திரையில் எண் சிவப்புக்கு வந்துவிட்டதால் வழியில் சார்ஜ் நிலையத்தில் நிறுத்தினேன். தங்களைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துவிட்டு, வரிசை போய்விடும் என்று நான் வெளியே காரோடு நின்றேன். முன்னால் ஏழெட்டு மின்சார டாக்சிகள். அங்கே நான் அந்த ஓட்டுநர்களோடு கையை ஆட்டி ஆட்டிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைத் தாங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தீர்கள். திறந்த வெளியில் பேசத் தடை இல்லையே, அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. நான் பேசியது முழுக்கத் தங்களைப் பற்றித்தான். "என் பொண்ணைக் கேட்டு வந்திருக்காங்க, தெற்கிலிருந்து, அருமையான மனுஷங்க" என்றேன். ஒரு டாக்சிக்காரத் தம்பி, "அப்படின்னா உள்ள போய் அவங்ககிட்ட பேசுங்க மாமா, எங்களையா கட்டிக்கொடுக்கப் போறீங்க?" என்றான். வரிசையை அவன் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். பேச்சு சுவாரசியத்தில் காதில் விழவில்லை. அந்தக் காற்றில் அவ்வளவு நேரம் கத்தியதில், வீட்டு வாசலில் இறங்கி, இதோ இப்போது பதில் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தால் குரல் இல்லை. தாங்கள் இருந்த நாட்கள் முழுக்க அது திரும்பவே இல்லை. நிலைமையைச் சரி செய்கிறேன் என்று குய்ஃபென் தங்களிடம், "இவர் யார்கிட்டயும் இப்படி இருக்கிறவர் இல்லையே" என்றாள். அது வெந்த புண்ணில் உப்பைத் தடவியது போல ஆயிற்று.

ஆகவே தங்கள் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். வெட்டுவதாகச் சொன்ன யீநான் இந்த இடத்தை மட்டும் வெட்டக் கூடாது. தாங்கள் வந்த மறுநாள் காலை பெரும் பனி விழுந்திருந்தது. பனியையே பார்த்திராத ஜியாலாங் யாரும் சொல்லாமலே கீழே போய், மண்வாரியை எடுத்து, என் காரைச் சுற்றி இருந்த பனியை எல்லாம் வாரினார். வாரியதை எல்லாம் கொண்டுபோய் எங்கள் குடியிருப்பின் ஒரே சார்ஜ் கம்பத்தைச் சுற்றி மலையாகக் குவித்தார். இரண்டாம் மாடிக்காரர் ஜன்னலைத் திறந்து, "தம்பி, கம்பத்தைப் புதைச்சுட்டீங்களே, காருக்கு இனிமே கஞ்சியா ஊத்தறது?" என்று கத்தினார். ஜியாலாங் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பிறகு அந்த மலையை முதலிலிருந்து வேறு இடத்துக்கு வாரிப் போட்டார். போட்டு முடித்து, கத்தியவரின் காரைச் சுற்றியும் வாரினார். நான் குரல் இல்லாமல் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பனியை இரண்டு தடவை முகம் சுளிக்காமல் வாருகிற ஆள் கிடைப்பது அபூர்வம் சம்பந்தி. என் மகளும் சில நாள் ஒரே விஷயத்தை இரண்டு தடவை செய்ய வைப்பாள், என் மகள் ஆயிற்றே. அவரிடம் அவள் நன்றாக இருப்பாள். அவரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அவரை வளர்த்தவர்களையும் பிடித்திருக்கிறது. அன்று காரில் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு எங்கள் மேல் உள்ள வருத்தத்தைத் தாங்கள் விட்டுவிட வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். ஜியாலாங்குக்கு எங்கள் ஆசிகள், அவர் கையில் வந்த கொப்புளங்கள் ஆறட்டும். தங்கள் குடும்பம் வரும் புத்தாண்டில் செழித்து, குளிரே அறியாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
குவான் ஷோயீ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஜியாலாங் கூப்பிட்டார். தாங்கள் இத்தனை நாள் வாய் திறக்காதது கோபத்தால் இல்லையாம், பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். மே மாதம் குறித்தாயிற்றாம். தாங்கள் வீட்டில் சொன்னதை அவர் அப்படியே சொல்லிக் காட்டினார்: "வடக்கத்திக்காரங்க வாயைத் திறந்தா மூட மாட்டாங்கன்னு பயந்துக்கிட்டே போனேன். ஊர்க்கதை எல்லாம் பேசினாலும், மூணு தடவை கேட்டும் அந்த மனுஷன் நம்ம பையனைப் பத்தி ஒப்புக்குக்கூட ஒரு வார்த்தை புகழல. பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்னு விரலைக் காட்டினார். அவ்வளவு நிதானமான ஆளோட வீட்டுல கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணு எடுக்கலாம்." யீநான் அழுது சிரித்து, இரண்டு தட்டுக் கொழுக்கட்டை சாப்பிட்டாள். பிறகு தாயும் மகளும் சேர்ந்து இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னார்கள். "கல்யாணம் முடியற வரைக்கும் நீங்க நிதானமான ஆளாவே இருங்க" என்றாள் குய்ஃபென். நானும் யோசித்துப் பார்த்தேன். மே மாதம் கண்ணாடியில் பனி பிடிக்காது, எனக்கு ஒரு சாக்கும் இருக்காது. அதனால் அவர்கள் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் நானே காரை எடுத்துக்கொண்டு போய் இதைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன். தாங்கள் பெண் எடுக்கும் வீடு எதுவென்று தெரிந்தே எடுங்கள். படித்த பிறகும் தேதி மாறவில்லை என்றால், விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். வழியில் தாங்கள் ஒன்றும் பேச வேண்டியிருக்காது.