பூங்காவின் பின்பக்கத்தில் ஒரு அறை

'கடல் தெரியும் அறை' என்று போனில் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்கு வந்து, கடலைத் தேடிக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும். அந்த வரியை எழுதியவன் நான்தான். தெரியவே தெரியாது என்று இல்லை. மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி, டிஷ் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு கிழக்கே எட்டிப் பார்த்தால் ஒரு முழம் நீலமாகத் தெரியும். (அது பக்கத்து வீட்டுத் தார்ப்பாய் என்று சொல்கிற வயித்தெரிச்சல் புடிச்சவங்களும் இருக்காங்க.)

பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கணக்குத்தாளைப் புத்தம்புதிதாகத் திருப்பிக் கொடுத்தவன் நான். அதற்கப்புறம் ஒரு சின்ன லாட்ஜில் வரவேற்பு மேசை கிடைத்தது. அங்கேதான் என் திறமை வெளியே வந்தது. லாட்ஜில் இருந்ததே ஒரே ஒரு பூந்தொட்டி. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு அறை அறையாகப் போய்ப் படம் எடுத்தேன். எட்டு அறைப் படத்திலும் அதே தொட்டி, அதே செம்பருத்தி. எட்டாவது அறைக்குப் போகும்போது பூ கொஞ்சம் வாடியிருந்தது. அதனால் அந்த அறைக்கு மட்டும் 'இயற்கைச் சூழல்' என்று எழுதினேன்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு கனவு இருந்தது. புதுச்சேரியிலேயே உப்பளம் என்கிற பகுதியில் என் தாய்மாமா வீட்டு மாடி காலியாகக் கிடந்தது. இரண்டு அறை, ஒரு கூடம், காற்று பிய்த்துக்கொண்டு போகும். அதில் விருந்தினர் அறை போட்டு நானே முதலாளியாக வேண்டும்.

மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். வருஷத்தில் ஆறு மாதம் பிரான்ஸ், ஆறு மாதம் உப்பளம். ஆப்பிரிக்காவில் ஜிபூத்தி என்கிற நாட்டில் இருந்தபோது யானைக் கூட்டத்துக்கு நடுவில் ஜீப் ஓட்டிய கதையை அவர் சொல்லாத கல்யாணம் கிடையாது. கதையில் முதலில் ஏழு யானை இருந்தது. நான் வளர வளர அதுவும் வளர்ந்து இருபத்திரண்டில் வந்து நின்றது. மாடியை டியூஷன் சென்டருக்குக் கேட்டு ஒருத்தர் தினமும் வந்துகொண்டிருந்தார். (கணக்கு டியூஷன். விதி எங்கெல்லாம் வந்து நிக்குது பாருங்க.)

மாமா பிரான்ஸ் கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது போய்க் கேட்டேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு ஒரு பரீட்சை வைத்தார்.

"மருமவனே, உங்க அத்த யானைய கோயில்லதான் பாத்திருக்கா. காட்டுல பாக்கணுமாம். ரூமு, வண்டி, சஃபாரி எல்லாம் நீயே ரெஸெர்வே பண்ணு. ஒரு கொற இல்லாம கூட்டிட்டுப் போயி யானைய காட்டிட்டு கூட்டியாந்துட்டன்னா மாடி உனக்கு. கொற வந்துச்சின்னா டியூஷன் சென்டர்."

அத்தை அடுப்படியிலிருந்தே, இவனை நம்பி ஊர் எல்லையில் இருக்கிற கோரிமேடு வரைக்கும்கூடப் போக முடியாதே, காட்டுக்கா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று யாரும் மரியாதை கொடுக்கவில்லை.

பரீட்சை என்றால் எனக்கு ஆகாது. ஆனால் இது என் பாடம். மூன்று நாள் லாட்ஜ் மேசையில் உட்கார்ந்து யானைக்குப் பேர்போன ஒரு வனவிலங்குப் பூங்காவைப் பிடித்து, அதைச் சுற்றியிருந்த விடுதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்தேன். ஒரு விடுதியில் குளியலறைப் படமே இல்லை. (இல்லைன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?) இன்னொன்றில் 'ஆற்றங்கரை' என்று போட்டிருந்தார்கள், ஆற்றுக்கு ஏணிப்படி இருந்தது, அதாவது நீச்சல்குளம். மற்றொன்றின் மரவீடு, மரத்துக்குப் பக்கத்தில் கட்டிய வீடு. வேறொரு விடுதியின் ஆறு படத்திலும் ஒரே மான் ஒரே காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பார்த்ததும் எனக்கு என் பூந்தொட்டி ஞாபகம் வந்து, அந்த முகம் தெரியாத தம்பிக்கு மனசுக்குள் ஒரு சலாம் வைத்தேன்.

கடைசியில் ஒரு விடுதி சிக்கியது. குளியலறைப் படத்தில் உடைந்த பிளாஸ்டிக் மக்கைக்கூட மறைக்காமல் போட்டிருந்தார்கள். 'பூங்கா எல்லையிலிருந்து நானூறு மீட்டர்' என்று இருந்தது. அதையும் நம்பாமல் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். விடுதியின் புள்ளி பச்சை நிறத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. மற்ற விடுதிகளெல்லாம் வாசலுக்கு ஐந்து கிலோமீட்டர், எட்டு கிலோமீட்டர் என்று வெட்கமில்லாமல் எழுதியிருந்தார்கள். பக்கத்திலேயே இவ்வளவு நல்ல இடம் இருக்கிறபோது அங்கே போய்ப் பணம் கொடுக்கிற பைத்தியங்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அந்தக் கையோடு பூங்காவின் சஃபாரி ஜீப்பிலும் இரண்டு நாளைக்கு இடம் போட்டேன். காலை ஆறரை மணி. மாற்ற முடியாது, பணம் திரும்பாது.

ஒரு விஷயம் கண்ணில் பட்டது. விடுதி தமிழ்நாட்டில் இருந்தது, பூங்காவின் வாசல் பக்கத்து மாநிலத்தில். வேறு ஊர்க்காரனாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருப்பான். புதுச்சேரிக்காரனுக்கு மாநில எல்லை ஒரு விஷயமா? கூட்டாளி வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு என்று மாறி மாறி வரும். சாராயக்கடை வரிசையாக வந்தால் நம்ம ஊர், நின்றுபோனால் அடுத்த ஊர், அவ்வளவுதான் கணக்கு. தெருவும் எங்களுக்கு ஸ்கேல் வைத்துப் போட்டது. நானூறு மீட்டர் என்றால் நேராகப் போய் நானூறு மீட்டர். நடுவில் ஒரு மலை இருக்கும் என்கிற எண்ணம் கடற்கரையில் பிறந்தவனுக்கு எப்படி வரும்?

போன் போட்டுப் பேசினேன், அதையும் விடவில்லை. விடுதிக்காரர் கொங்குப் பக்கத்து மனிதர், நிதானமாகப் பேசினார். "வர்ற வழி வந்துங்க..." என்று ஆரம்பித்தார். நானும் இதே தொழில்தான் சார், வழியெல்லாம் நாங்க பாத்துக்கறோம் என்றேன். "இல்லீங்க, சஃபாரிக்கு..." என்றார். அதெல்லாம் போட்டாச்சு சார் என்றேன். அவர் சரிங்க, வாங்க என்று வைத்துவிட்டார். என்னிடம் பொய் சொல்ல முயன்று தோற்றுவிட்டார் என்றே அன்று நினைத்தேன்.

பொங்கல் விடுமுறையில் கிளம்பினோம். வாடகைக் கார், நான் ஓட்டினேன். அத்தை பகெத் என்கிற நீள பிரெஞ்சு ரொட்டிக்குள் ஆம்லெட் வைத்துப் பன்னிரண்டு பொட்டலம் கட்டியிருந்தாள். மாமா வழியெல்லாம் இருபத்திரண்டு யானைகளையும் ஒவ்வொன்றாக ஓட்டிவந்தார். சாயங்காலம் போய் இறங்கினால், படத்தில் இருந்ததைவிட அழகான இடம். உடைந்த மக்கைக்கூட மாற்றியிருந்தார்கள். மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு "சே பியேன், சே பியேன்" என்றார். அவர் வாயில் பிரெஞ்சு நல்லபடியாக வந்தால் காரியம் முடிந்த மாதிரி. மாடிக்கு வைக்கப்போகும் பெயரைக்கூட யோசித்துவிட்டேன்.

அந்த நினைப்போடு விடுதிக்காரரிடம் போய், பூங்கா வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் எதிரே இருந்த மலையைக் காட்டினார்.

"அதுக்கு அந்தப் பக்கமுங்க."

"நடந்தா எவ்ளோ நேரம் சார்?"

"நடக்க முடியாதுங்க. நடுவுல புலி இருக்குது."

"வண்டியில?"

"மலையச் சுத்தி எழுவது கிலோமீட்டருங்க. செக்போஸ்ட்டக் காலைல ஆறு மணிக்குத்தான் தொறப்பாங்க."

ஆறு மணிக்குத் திறந்து, ஆறரை மணிக்கு ஜீப். அரை மணி நேரத்தில் எழுபது கிலோமீட்டர் மலைப்பாதை. நான் கணக்கில் ஃபெயில்தான், ஆனால் இந்தக் கணக்கு எனக்கே புரிந்தது. நாங்கள் வந்து நின்றது பூங்காவின் கொல்லைப்பக்கம். வாசல் பக்கத்து விடுதிகளுக்கெல்லாம் போன் போட்டேன். ஒரு அறை காலி இல்லை. சாயங்கால சஃபாரியும் நிரம்பிவிட்டது. அந்தப் பைத்தியங்களெல்லாம் எனக்கு முன்னாடியே போட்டிருந்தார்கள்.

காலையில் வெளியே வந்தால், மாமா தொப்பி, பைனாகுலர், பட்டாளத்து பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு வராந்தாவில் தயாராக நின்றார். "அலே, கெளம்புவோம்" என்றார். என் மூளை லாட்ஜ் மூளை. உண்மை சொல்ல அதற்குப் பழக்கமில்லை.

"மாமா, இன்னிக்கி பார்க் லீவாம்."

"காட்டுக்கு லீவா?"

"மிருகங்களுக்கு ரெஸ்ட் குடுக்கறாங்களாம்."

"நாளைக்கி?"

"நாளைக்கும் ரெஸ்ட்டுதான்."

மாமா நம்பிவிடுவார் போலத்தான் இருந்தது. அதற்குள் விடுதிக்காரர் காபித் தட்டோடு வந்து, சஃபாரியை விட்டுவிட்டீர்களா, அன்றைக்கே போனில் சொல்ல வந்தேன், தம்பிதான் கேட்கவில்லை என்று நல்ல மனசோடு மலை, செக்போஸ்ட், எழுபது கிலோமீட்டர் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் கண்ணுக்கு முன்னால் உப்பளத்து மாடியில் பெஞ்சு போட்டு, கரும்பலகை மாட்டி, அல்ஜீப்ரா நடக்க ஆரம்பித்துவிட்டது. இனிமேல் காப்பாற்றிக்கொள்ள ஒன்றுமில்லை என்று ஆனபிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வரைபடம் பார்த்தது, போனில் அந்த மனிதரைப் பேசவிடாதது, காலையில் சொன்ன லீவு, எல்லாம்.

மாமா ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ வேல பாக்கற லாட்ஜில கடல் தெரியுமா?"

"தொட்டி மேல ஏறுனா தெரியும் மாமா."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துவிட்டு மலையைப் பார்த்தபடி, என்னிடம் சொல்வதுபோல, பின்னால் வந்து நின்ற அத்தைக்குச் சொன்னார்.

"ஜிபூத்தியில யானையே கெடையாதுடா. நான் பாத்தது ஒட்டகமும் ஆடும்தான்."

அத்தை ஆம்லெட் ரொட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். நாற்பது வருஷம் ஒவ்வொரு கல்யாணத்திலும் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, அந்தக் கொம்பன் ஜீப்ப மோந்து பாத்துச்சாம்" என்று எடுத்துக்கொடுத்தவள் அவள்.

"இருவத்திரெண்டும் பொய்யா?" என்றாள்.

"முழுசும்."

ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டி, பின்வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. மாமாவும் நானும் பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற இரண்டு ஃபெயிலான பையன்கள் மாதிரி கதவோரமே நின்றோம்.

நாலு மணி இருக்கும். அத்தை திரும்பாமலே, "எதிர்ல காலைல அந்தப் பாறை இருந்துச்சா?" என்று கேட்டாள்.

வேலிக்கு அப்பால் ஒரு அகழி, அதற்கு அப்பால் மூங்கில் புதர். புதருக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பாறை. மாமா பைனாகுலரை எடுப்பதற்குள் பாறையில் ஒரு வால் ஆடியது. மூங்கில் முறிகிற சத்தம். அப்புறம் ஒரு கால் மாற்றி வைத்தது. தலை தெரியவில்லை, தும்பிக்கை தெரியவில்லை, தந்தம் இருக்கிறதா இல்லையா என்றும் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் அது எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிம்மதியாக மூங்கில் தின்றது. அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டது.

மாமா தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். "எழுவது வயசுல இப்பதான் நான் சொன்ன பொய்யில ஒன்னு நெசமாச்சி" என்றார். அத்தை இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவருக்கு இடம் விட்டாள்.

திரும்பி வரும்போது காரில் தீர்ப்பும் அவளே சொன்னாள். "வாசல் வழியா போயிருந்தா இந்தாளு இன்னும் நாப்பது வருசம் பொய்யயே ஓட்டிட்டு இருந்திருப்பாரு. மாடிய இவனுக்கே குடு. ஆனா ரெண்டு பேரும் எழுதறத தொடக்கூடாது. நான் சொல்றதத்தான் எழுதணும்."

டியூஷன் சென்டர்காரருக்கு அத்தையே போன் போட்டுச் சொன்னாள்.

மாடி எனக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதிப்போட்ட விவரம் இதுதான்: 'கடல் தெரியாது. தொட்டி மேல் ஏறினாலும் தெரியாது. படி பதினெட்டு, கைப்பிடி ஒரு பக்கம்தான். பக்கத்து விளையாட்டரங்கில் மேட்ச் நடந்தால் தூங்க முடியாது. மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். காற்று நன்றாக வரும்.' இதைப் படித்துவிட்டு எந்த முட்டாள் வருவான் என்று நினைத்தேன். இவ்வளவு கெட்டதைச் சொல்பவர்கள் மூட்டைப்பூச்சி இருந்தால் சொல்லியிருக்க மாட்டார்களா என்று நம்பி வருகிறார்கள். சனி ஞாயிறுக்கு இப்போது இடம் கிடைப்பதில்லை. படத்தில் பூந்தொட்டி கிடையாது.

கூடத்தில், அன்று நான் போனில் எடுத்து மாமா சட்டம் போட்டு மாட்டிய போட்டோ இருக்கிறது. பச்சைக்கு நடுவில் சாம்பலாக ஒன்று. வருகிறவர்கள் பாறையா என்று கேட்பார்கள். வாலைக் காட்டுவேன். மாமா இப்போது கல்யாணங்களில் ஒரே ஒரு யானையைத்தான் ஓட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து அத்தை சரிபார்க்கிறாள்.

எங்கள் வீட்டில் இன்று வரைக்கும் யாராவது பஸ், ரயில், கல்யாண மண்டபம் என்று எதற்கு முன்பதிவு செய்துவிட்டு வந்து சொன்னாலும், அத்தை கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"முன்பக்கமா, பின்பக்கமா?"