வரிசையாக மேயும் ஆடு

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். முன்னது பின்னதாகச் சொல்லி, என் வீட்டுக்காரர் ஒரு முட்டாள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அவர் லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ பேரை மாடி மாடியாக ஏற்றி இறக்கியவர். கண்ணில் ஆபரேஷன் ஆனதும் வேலையிலிருந்து அவரையே இறக்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவருக்கென்று மிஞ்சிய ஒரே மெஷின், கொல்லையில் புல் வெட்டுகிற மெஷின்தான். நீளமான தடி. ஒரு முனையில் பெட்ரோல் இன்ஜின், மறுமுனையில் சுழன்று வெட்டும் நைலான் நரம்பு. ஞாயிறு வந்தால் அதற்கு சர்வீஸ். பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, ஆயில் அளந்து கலந்த புதுப் பெட்ரோல் ஊற்றுவார். காற்றை வடிகட்டும் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுவார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கரி போகத் தேய்ப்பார். என் முதுகை ஒருநாள்கூடத் தேய்த்துவிட்டதில்லை.

"அந்தப் பஞ்சைப் பாத்திரம் கழுவுற இடத்துல வைக்காதீங்க. நேத்து காபி டம்ளரை அதுலதான் தேய்ச்சிருக்கேன்."

"அதான் காபி ஒரே இழுப்புல உள்ள போச்சு."

சிரித்துவிட்டேன். அப்போதே நான் கொஞ்சம் கடுமையாக இருந்திருக்கலாம். அந்த வாரமே புல் வெட்டும்போது ஒரு கல் தெறித்து அவர் புருவத்தைக் கிழித்தது. ஆபரேஷன் ஆன கண் பக்கம். இன்னும் ஒரு விரல் கீழே பட்டிருந்தால் கண்ணே போயிருக்கும் என்றார் டாக்டர். அவரை விட்டுவிட்டு என்னைத் திட்டினார்.

"மெஷினோட வந்த கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வெட்டுங்களேன்."

"இருக்கிறதே ஒன்றரைக் கண்ணு. அதையும் மூடச் சொல்றியா?"

"அப்ப ஆள் வெச்சு வெட்டலாம்."

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அங்கேதான் என் புத்தி கோணலாகப் போனது. சமீபத்தில் அவர் புதுப் பிளக் மாற்றிவிட்டுத் தூக்கிப் போட்ட செத்துப்போன பிளக் குப்பைக் கூடையில் கிடந்தது. அதை எடுத்து அவருடைய பிரஷ்ஷாலேயே பளபளவென்று தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் நல்ல பிளக்கைச் சுத்தம் செய்து ஜன்னலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அந்த இடத்தில் செத்ததை வைத்தேன். நல்லது என் ஊசி நூல் டப்பாவுக்குள் போனது.

வந்தார். பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முன்பென்றால் எட்ட நின்றே கண்டுபிடித்திருப்பார். அந்தக் கண்ணைக் காப்பாற்ற அந்தக் கண்ணையே ஏமாற்றினேன். இப்போது நினைத்தாலும் சோறு இறங்குவதில்லை.

பிளக்கை மாட்டிக் கயிற்றை இழுத்தார். இன்ஜின் ஒரு இருமல்கூட இருமவில்லை. இழுத்தார், இழுத்தார், சட்டை நனையும் வரை இழுத்தார். பக்கத்து வீட்டு டெய்லர் கழுத்தில் அளவு டேப்போடு வேலி ஓரம் வந்து நின்றார்.

"என்ன அண்ணே, மாப்பிள்ளையை இவ்வளவு ஜோடிச்சும் மேடை ஏற மாட்டேங்குறாரா?"

"பெட்ரோல்ல தண்ணியைக் கலந்துட்டான்பா."

பெட்ரோலை மாற்றினார். பஞ்சை மாற்றினார். கார்பரேட்டரைப் பிரித்து என் சமையல் மேடை முழுக்கப் பரப்பினார். "பிளக் புதுசு, அதுல குறை இருக்காது" என்று அதை மட்டும் தொடவில்லை. பொழுது சாயும்போது மெஷினைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பதில் சொல்லவும் தயாராக இருந்தேன்.

"கண்ணு போனதுகூடப் பரவாயில்லை. கையும் போயிடுச்சு போலிருக்கு" என்றார்.

எழுந்துபோய் ஊசி நூல் டப்பாவைத் திறந்து நல்ல பிளக்கைப் பார்த்துவிட்டு மூடினேன்.

மறுநாள் அவர் வழக்கம்போல சாயந்தரம் நடக்கப் போனதும் நல்ல பிளக்கை எடுத்து மாட்டினேன். மாட்டிய பிறகுதான் உறைத்தது. மெஷின் ஓடினால் வெட்டுவார். வெட்டினால் கல் தெறிக்கும். வெட்டப் புல் இருந்தால்தானே? அவர் வேண்டாமென்று ஒதுக்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பு. இவ்வளவு காலம் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

திரும்பி வந்தவர் கொல்லையில் திகைத்து நின்றார்.

"புல் எங்கே?"

"ஆடு வந்து மேய்ஞ்சிட்டுப் போயிடுச்சு."

"யாரோட ஆடு?"

"நான் அதுகிட்டக் கேக்கலை."

"இன்ஜின் ஏன் சூடா இருக்கு?"

"வெயில்ல நின்னுதில்ல."

சந்தேகமாகக் கயிற்றை இழுத்தார். கிளம்பியது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நேத்து பிரிச்சுச் சேர்த்தது இப்பதான் செட் ஆயிருக்கு" என்றார். வெட்ட ஒன்றும் இல்லாததால் டெய்லர் காது கிழிய உறுமவிட்டு அணைத்தார்.

டெய்லர் என் பக்கம் சாய்ந்தார். "அண்ணி, உங்க ஆடு ஓரம் மடிச்சுத் தைச்ச மாதிரி வரிசையா மேயுது."

"உங்க வாயையும் அப்படியே மடிச்சுத் தைங்க தம்பி."

அதிலிருந்து இதே பிழைப்புதான். புல் தலை தூக்கினால் நான் வெட்டுவேன். ஞாயிறன்று அவர் பிளக்கைக் கழற்றி என்னிடம் நீட்டுவார்.

"பார்த்தியா, சும்மா நிக்கிற மெஷின்லயே இவ்வளவு கரி. அதனாலதான் சர்வீஸை விடக் கூடாதுங்கறது."

தலையாட்டுவேன். எனக்கு முட்டி வலிக்கும். அதைவிட மனசு வலிக்கும். இப்படியே ஓட்டிவிடலாம் என்றிருந்தபோது அவர் ஒரு நாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

"இனிமே சாயந்தரம் நடக்கப் போகலை. இங்கேயே ஒளிஞ்சு உக்காந்து அந்தத் திருட்டு ஆட்டைக் கையும் களவுமா பிடிக்கப் போறேன். பிடிக்காம விடமாட்டேன்."

வேறு வழி தெரியவில்லை. டெய்லரின் மச்சானிடம் ஒரு ஆட்டை வாங்கி, அவர் காவல் இருந்த பக்கமாக வேலிக்குள் விட்டேன். பாய்ந்து பிடித்துவிட்டார். "உரியவன் வந்து கேக்கட்டும், நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் விடுவேன்" என்று கொல்லையிலேயே நீளக் கயிற்றில் கட்டிப்போட்டுவிட்டு, நிம்மதியாகப் பழையபடி நடக்கப் போக ஆரம்பித்தார்.

அந்த ஆடு அவருடைய செய்தித்தாளைத் தின்கிறது, என் கொடித்துணியைத் தின்கிறது. புல்லை மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் தலை தெருமுனையில் மறைந்ததும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்தான் மேய்கிறேன்.