வெறும் பெட்டிகளை வெட்டின விவகாரம்

அட்டன்,
வியாழக்கிழமை

மதிப்புக்குரிய மச்சான் செல்லசாமி அவர்களுக்கு, சோலைமலை எழுதிக்கொள்வது. அக்கரப்பத்தனையில் நீங்களும் தங்கச்சியும் சுகம் என்று நானே முடிவுசெய்துகொண்டு தொடங்குகிறேன். என் சுகம் எப்படி என்பது கீழே தானாகத் தெரியவரும்.

நடந்தது இதுதான். நேற்று ஒத்திகையில், என் வீட்டிலிருந்து படிக்கிற உங்கள் மகள் பூரணியின் பள்ளிக்கூடத்துப் பாண்ட் வாத்தியக் குழு ஒரே பாட்டை ஒன்பது இடத்தில் முடித்தது. பூரணியின் கிளாரினெட் நடுவிலே மூச்சு முட்டி நின்றுவிட்டது. பிழை பிள்ளையுடையது இல்லை, என்னுடையது. நேற்றுப் பின்னேரம் நீங்கள் போன் எடுத்து, வெள்ளிக்கிழமை வந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டீர்கள். ஒத்திகைச் செய்தி அங்கே எட்டிவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. இந்த வருஷமும் பரிசு இல்லேன்னா கிளாரினெட்டை மூடி வச்சிட்டுப் படிப்பைப் பார்க்கட்டும்னு பொங்கலன்னைக்கு நீங்க சொன்னதை நான் மறக்கல. சனிக்கிழமை நுவரெலியாவிலே போட்டி. வெள்ளிக்கிழமை நீங்க கூட்டிட்டுப் போயிட்டா, நான் செஞ்ச வேலைக்குப் பிள்ளை தண்டனை அனுபவிக்கும். அதனாலே ஒண்ணையும் ஒளிக்காம எழுதுறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனா நீங்க மூணாவது சொல்லிலே கத்துவீங்க, நான் நாலாவது சொல்லிலே கட் பண்ணிடுவேன்.

பாண்டுக்குப் பொறுப்பான குகநேசன் சேர் உங்களுக்குத் தெரிஞ்சவர்தான், யாழ்ப்பாணத்து மனுஷன், அளந்துதான் பேசுவார். அவரிடம் ஒரு பழைய பாட்டு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாளாக இருந்தது. அதையெல்லாம் போனிலே படம் பிடிச்சு, இசைக்குறி எழுதுற ஒரு மென்பொருளிலே போட்டிருக்கார். படத்தைப் பார்த்து அதுவே கம்ப்யூட்டரிலே எழுதிக்கொள்ளுமாம். எழுதத்தான் செஞ்சது, எங்க அச்சுக் கடையிலே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பையன் எழுதுற மாதிரி. தாள் மடிப்பைக் கோடுன்னு எழுதியிருக்கு, சின்ன எழுத்தெல்லாம் விட்டுப்போயிருக்கு, யாரோ எந்தக் காலத்திலோ சிந்தின தேத்தண்ணிக் கறையை டியூபாவுக்கு ஒரு பெரிய சுரம்னு போட்டிருக்கு. சேருடைய லெப்டொப்பும் பழுதாகிடுச்சு. ரெண்டு நாளைக்கு மூலையிலே ஒரு கம்ப்யூட்டர் தாங்க, நானே திருத்திட்டு இங்கேயே பிரிண்ட் எடுக்கிறேன்னு கேட்டு வந்தார். தந்துட்டு நான் பாட்டுக்கு இருந்திருக்கலாம். வாய் இருக்கே மச்சான். இருபத்திரெண்டு வருஷமா கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் திருத்துற கை இது, வச்சிட்டுப் போங்க சேர், நான் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டேன். சேர் தயங்கினார். அவர் தயங்கினதும் எனக்கு ரோஷம் வந்திடுச்சு. சங்கீதம் பற்றி எனக்குத் தெரிஞ்சது, கடையிலே ரேடியோவை எப்ப நிப்பாட்டணும்கிறது மட்டும்தான். அதை அப்ப யாரும் கேட்கல, நானும் சொல்லல.

அஞ்சு கோடு போட்டு, அதைக் குறுக்கே வெட்டிப் பெட்டி பெட்டியாப் பிரிச்சிருக்கும். ஒரு பெட்டிக்கு நாலு எண்ணிக்கைதான் கொள்ளும். கூடினால் மென்பொருள் அந்தப் பெட்டியைச் சிவப்பாக்கிக் காட்டும். இது நமக்குத் தெரிஞ்ச கணக்குத்தானேன்னு, சிவந்த பெட்டியிலெல்லாம் கடைசியிலே நின்ற சுரத்தை வெட்டிட்டேன். சிவப்பு மறைஞ்சது, எனக்கும் சந்தோஷம். அப்புறம் பார்த்தா பாதிக்கு மேலே வெறும் பெட்டி. உள்ளே ஒரு சின்னக் கறுப்புக் கட்டை தொங்குது, வேற ஒண்ணும் இல்லை. பெரிய டிரம்முக்கு மட்டும் மூணு பக்கம், அதிலே அடி கடைசியிலே ஒண்ணே ஒண்ணு. தாள் விக்கிற விலையிலே எந்த வியாபாரியாவது இதைப் பார்த்துட்டுச் சும்மா இருப்பானா? ஒன்பது வாத்தியத்திலேயும் வெறும் பெட்டி அத்தனையையும் தூக்கிட்டேன். இருபத்தேழு பக்கம் பதினொண்ணாச்சு. நான் கை வைக்காம விட்டது அந்தத் தேத்தண்ணிக் கறையை மட்டும்தான். பெரிசா, கறுப்பா, கம்பீரமா இருந்துச்சு. அதுதான் முக்கியமான சுரம்னு நினைச்சேன்.

ஒத்திகைக்கு நான் சட்டை இஸ்திரி போட்டுக்கிட்டுப் போனேன். நன்றி சொல்லுவாங்க, பொன்னாடை கூடப் போர்த்துவாங்கன்னு ஒரு எண்ணம். அதுவரைக்கும் பிள்ளைங்க துண்டு துண்டாத்தான் பழகியிருந்தாங்க, தாளைப் பார்த்து எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறது அன்னைக்குத்தான். சேர் கையைத் தூக்கினார். உடனே பெரிய டிரம் வச்சிருந்த மதுரன் ஓங்கி ஒரு அடி அடிச்சான். அவன் தாளிலே அவ்வளவுதான் மிச்சம். அடிச்சிட்டு, டிக்கோயா பஸ் நிக்குது, நான் போகவா சேர்னு கேட்டான். ட்ரம்பெட் ஒரு பக்கம் ஓடுது, புல்லாங்குழல் அதைத் துரத்துது, டியூபாக்காரப் பிள்ளை தேத்தண்ணிக் கறைக்கு வந்ததும் எருமை கத்துற மாதிரி ஊதிட்டுப் பயந்து நம்மைப் பார்க்குது. நம்ம பூரணி தாளிலே மூச்சு விட ஒரு இடமும் இல்லை. விடாம ஊதி ஊதி முகம் சிவந்து, கண் கலங்கி, கிளாரினெட்டை மடியிலே வச்சிட்டாள்.

சேர் என்னைத் திட்டல. திட்டியிருக்கலாம். பழைய தாளையும் என் தாளையும் பக்கத்திலே வச்சுப் பார்த்துட்டு மெதுவாச் சொன்னார்.

"அண்ணை, இது வெறும் இடமில்லை. இதிலதான் பிள்ளையள் மூச்சு எடுக்கிறவை. நீங்கள் மூச்சை வெட்டிப்போட்டியள்."

நான் சிவப்பு மறைய வெட்டினதும் கூடுதல் இல்லையாம். மூணு சுரத்தை ரெண்டு சுரத்துக்கான நேரத்துக்குள்ளே ஊதணும்னு மேலே குட்டியா ஒரு மூணு போட்டிருக்காம், அதைத்தான் மென்பொருள் விட்டிருக்கு. அந்த நேரம் பூரணி தாளைப் பார்த்தபடியே ஒரு சொல் சொன்னாள்.

"நிறுக்கிற மடுவத்திலே அம்மாவோட தேயிலைக் கொழுந்துலே ரெண்டு கிலோ கழிப்பாங்களே மாமா, அதே மாதிரிக் கழிச்சிருக்கீங்க."

மச்சான், சாக்குக் கழிவு, தண்ணிக் கழிவுன்னு எங்கம்மா கூடையிலே கழிச்சவங்களோட இனிச் சேர மாட்டேன்னுதான் நான் பதினாறு வயசிலே தோட்டத்தை விட்டு அட்டனுக்கு வந்தேன். வந்து, கடை போட்டு, கம்ப்யூட்டர் வாங்கி, கடைசியிலே நானும் கழிச்சிருக்கேன். அதுவும் நிறுக்கத் தெரியாத சரக்கிலே.

இன்னைக்குக் காலையிலே இருந்து கடையிலே போட்டோகொப்பி இல்லைன்னுட்டேன். சேர் பழைய தாளைப் பார்த்து எண்ண, பூரணி சரி பார்க்க, நான் கறையைத் தூக்கிட்டு, வெட்டின சுரத்தையும் வெறும் பெட்டியையும் திருப்பி வச்சேன். வெறும் பெட்டி மட்டும் நூற்றி எண்பத்து மூணு. கடைக்கு வந்த சனமெல்லாம், முதலாளி ஒண்ணுமில்லாததை உட்கார்ந்து எண்ணிக்கிட்டு இருக்காருன்னு வேடிக்கை பார்த்துச்சு. பின்னேரம் மறுபடி ஒத்திகை. எல்லாரும் ஒரே இடத்திலே முடிச்சாங்க. பூரணி தனியா ஊதுறதுக்கு முந்தி நாலு பெட்டி யாருமே வாசிக்கிறதில்லை. அந்த நாலிலே பிள்ளை மூச்சு எடுத்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. அதுக்குப் பிறகு அவள் ஊதினதை நான் எழுதப் போறதில்லை. நீங்க வந்து கேளுங்க. சேரோட பேசின ஏற்பாடு: மூணு வருஷத்துக்கு பாண்டுக்கு பிரிண்ட் இலவசம், நான் மவுஸைத் தொடக்கூடாது.

தங்கச்சிக்கு என் அன்பு. உங்க கோபம் முழுக்க என்மேலே இறங்கட்டும், பிள்ளைக்கு உங்க ஆசி மட்டும் போகட்டும்.

இப்படிக்கு,
திருத்தப்பட்ட சோலைமலை

பி.கு: எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லிக் கடிதத்தைப் பூரணிகிட்டக் கொடுத்தேன். படிச்சிட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாள். நீங்க வெள்ளிக்கிழமை வர்றது அடையாள அட்டைக்குப் படம் எடுக்கக் கூட்டிட்டுப் போகவாம், பின்னேரமே கொண்டு வந்து விடுவீங்களாம், ஒத்திகை பற்றி உங்களுக்கு ஒரு சொல்லும் தெரியாதாம். கிழிச்சுப் போட்டிருப்பேன், நாலு தாள் வீணாகுது. அதனாலே அக்கரப்பத்தனை கடைசி பஸ் கண்டக்டர்கிட்டக் கொடுத்தே அனுப்புறேன். மேலே உள்ளதை நீங்க வாசிக்கவே இல்லைன்னு வச்சுக்குவோம். அதுக்கு என் தரப்பு: சனிக்கிழமை நம்ம தோட்டத்து லயத்து ஆளுங்களுக்குப் போக வர வேன் என் செலவு. உங்க தரப்பு: பரிசு வந்தாலும் வராட்டியும் அடுத்த வருஷமும் கிளாரினெட் உண்டு. அப்புறம் அந்த நாலு பெட்டி வரும்போது, பாட்டு முடிஞ்சுதுன்னு நினைச்சு யாரும் கைதட்டக்கூடாது. ஒரு கை தட்டினாலும் வேன் காசு பாதிப் பாதி.