மாமனாருக்கு நான் கட்டிய வாடகை

வருமான வரிச் சட்டத்தை நானே படித்துப் புரிந்துகொண்டேன். என் வீழ்ச்சியின் கதை இந்த ஒரு வாக்கியத்திலேயே முடிந்துவிட்டது. கீழே வருவதெல்லாம் விவரம்தான்.

படிக்காதவனாக இருந்திருந்தால் விஷயம் தெரிந்தவர் யாரையாவது கேட்டிருப்பேன். நானோ முதுகலை. வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கும் உத்தியோகம். இத்தாலிக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் கப்பல் பத்திரம் எழுதுகிறவனுக்கு உள்ளூர் வரிப் படிவம் எந்த மூலைக்கு? (இதைக் கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகவே கேட்டேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. சின்னப் பையன் தெரியாமல் செய்துவிட்டான் என்று தப்பிக்கவும் வழியில்லை.)

எல்லாம் என் மனைவி ஷோபனா விமானத்தில் ஏறியதே இல்லை என்பதில் ஆரம்பித்தது. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே பறக்கிற விமானமெல்லாம் எங்கள் தலைக்கு மேலேதான் போகும். காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போகிறவள், ஒரு கையில் என் சட்டையோடு அப்படியே நின்றுவிடுவாள். "பதினஞ்சாவது கல்யாண நாளுக்கு அந்தமான். ப்ளேன்ல!" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் டிக்கெட் விலையைப் பார்த்தேன்.

அந்த வாரமே எனக்குக் கிரெடிட் கார்டு வந்தது. கூடவே கைப்பேசியில் ஒரு செயலியின் விளம்பரம்: வீட்டு வாடகையைக் கார்டில் கட்டலாம்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கார்டில் செலவு செய்தால் பாயிண்ட். பாயிண்ட் சேர்ந்தால் விமான டிக்கெட். வாடகை ரசீதைக் கம்பெனியில் கொடுத்தால், சம்பளத்தில் வருகிற வீட்டு வாடகைப் படிக்கு வரிச் சலுகை. ஒரே வாடகையில் இரண்டு லாபம்! இத்தனை காலம் இந்த நாட்டில் யாருக்குமே தோன்றவில்லையே என்று பரிதாபப்பட்டேன்.

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல். நான் யாருக்கும் வாடகை கட்டவில்லை.

நாங்கள் குடியிருப்பது மாமனார் வீட்டு மாடியில். மாமியார் காலமான பிறகு, "கீழ நான் ஒருத்தன், மேல காலியா கெடக்குது, வந்துடுங்க மாப்ள" என்று அவர்தான் கூப்பிட்டார். (வீட்டோடு மாப்பிள்ளை அல்ல. மாடியோடு மாப்பிள்ளை. இந்த வித்தியாசத்தைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கியே எனக்குத் தொண்டை போய்விட்டது.) மாமனார் பெயர் தேவராஜ். எங்கள் கம்பெனியிலேயே கட்டிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் கேட் வாட்ச்மேனிலிருந்து பாக்கிங் செக்ஷன் வரை 'கட்டிங் தேவராஜ்' என்றால் எழுந்து நிற்பார்கள்.

சட்டத்தைப் புரட்டினேன். மாமனார் சொந்த வீட்டுக்கு மருமகன் வாடகை கொடுக்கலாம், தடையில்லை. கார்டில் கொடுக்கலாம், அதற்கும் தடையில்லை. வருடத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல் போனால் வீட்டுக்காரர் பான் நம்பர் வேண்டும். அது என் பீரோவிலேயே இருந்தது. அடுத்த பக்கத்தில், வாடகை உண்மையிலேயே கைமாற வேண்டும் என்றும், வாங்குகிறவர் அதைத் தன் வருமானமாகக் காட்ட வேண்டும் என்றும் இருந்தது. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது ஷோபனா காபி கொண்டுவந்துவிட்டாள்.

மாமாவிடம் போனேன்.

"மாமா, கார்டுல ஒரு ஸ்கீம். மாசா மாசம் உங்க அக்கவுண்ட்டுக்குப் பணம் வரும். நீங்க எடுத்து எனக்கே குடுத்துடணும்."

"சீட்டு மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

"சரி மாப்ள. நீங்க படிச்சவரு."

வாடகை என்ற சொல்லை மட்டும் நான் சொல்லவில்லை. பன்னிரண்டு ரசீதுகளை நீட்டி, "ஆபீஸ் பேப்பர் மாமா" என்றபோதும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், நான் விரல் வைத்த இடத்தில் எல்லாம், ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் பாதி, காகிதத்தில் பாதி என்று அழகாக முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசி ரசீதில் பேனா மங்கியது என்று, வேறு பேனா வாங்கி மறுபடி அழுத்திப் போட்டார். இப்போது நினைத்தால் அந்த இரண்டாவது பேனாதான் குத்துகிறது.

அதற்குப் பிறகு பத்து மாதம் எங்கள் வீட்டில் திருவிழா! முதல் தேதியானால் நான் கார்டைத் தேய்ப்பேன். (தேய்க்க ஒன்றுமில்லை, நம்பரைத் தட்டுவதுதான். ஆனாலும் தேய்ப்பது போன்ற ஓர் உணர்வு.) அந்தச் செயலி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை மாமாவுக்கு அனுப்பும். அவர் பேங்குக்கு நடந்து போய் எடுத்து வந்து கவரில் போட்டுத் தருவார். அதை நான் கார்டுக்குக் கட்டுவேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, சேர்ந்த பாயிண்டை நானே கணக்குப் போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். ஷோபனா வேலூர் லாங் பஜாருக்குப் போய்ச் சிவப்பு நிறத்தில் சக்கரம் வைத்த பெட்டி வாங்கி வந்தாள். ஓட்டிப் பார்க்கிறேன் என்று கூடத்திலிருந்து சமையலறைவரை அதை இழுத்துப் போனாள்.

"இன்னாங்க, ஜன்னல் சீட்டு கெடைக்குமா?"

"ரெண்டு பக்கமும் கெடைக்கும்" என்றேன். அவ்வளவு நம்பிக்கை.

பிப்ரவரி வந்தது. கம்பெனியில் வரிச் சலுகைக்கான சான்றுகளைக் கொடுக்கிற நேரம். அக்கவுண்ட்ஸ் சலீம் பாய் என் ரசீதுகளைப் புரட்டினார். எனக்கு நல்ல சிநேகிதர். அதனால் மரியாதை கம்மி.

"இன்னா சார் இது, ஓனர் பேரு நம்ம கட்டிங் தேவராஜ் அண்ணன் பேரா இருக்குது?"

"அவரேதான்."

"மாமனாருக்கா வாடகை குடுக்கறீங்க?"

"சட்டத்துல தடையில்ல பாய்" என்று பிரிவு எண்ணைச் சொன்னேன்.

"தடையில்லதான். நிஜமா குடுத்தா தடையில்ல. இந்த வருஷம் ஓனருக்கெல்லாம் போன் போட்டுக் கேக்கச் சொல்லி ஆடிட்டர் உத்தரவு. ஒரு நிமிஷம்."

நான் தடுப்பதற்குள் ஸ்பீக்கரில் மணி அடித்தது. அந்த அறையில் எட்டு மேசை. எட்டும் காது கொடுத்தன.

"தேவராஜ் அண்ணே, சலீம் பேசறேன். உங்க மாப்ள மாசா மாசம் உங்களுக்கு வாடகை குடுக்கறாரில்ல, அது விஷயமா..."

"இன்னா குடுக்கறாரு?"

"வாடகைண்ணே."

ஸ்பீக்கரில் குக்கர் விசில் அடித்தது.

"சலீமு, எங்க பரம்பரையில பொண்ணு குடுத்த எடத்துல வாடகை வாங்குனவன் எவனும் கெடையாது. யாரு சொன்னான் இத?"

"ரசீதுல உங்க கையெழுத்து இருக்குதுண்ணே. பன்னெண்டு."

போன் வைக்கப்பட்டது. இருபது நிமிடத்தில் மாமாவின் மொபெட் கம்பெனி கேட்டில் நின்றது. அதற்குள் செய்தி கட்டிங், ஸ்டிச்சிங், ஃபினிஷிங் என்று ஒவ்வொரு செக்ஷனாகப் போய்விட்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், நான் அரசாங்கத்தை ஏமாற்றப் பார்த்தேன் என்பது யாருக்கும் ஒரு பொருட்டாகவே இல்லை. "கட்டிங் தேவராஜ் சொந்த மாப்ளகிட்டயே வாடகை வாங்கறாராம்! ரசீது போட்டு வாங்கறாராம்!" என்பதுதான் ஊரை உலுக்கிய சேதி. வாட்ச்மேன் எழுந்து நிற்கவில்லை என்று பிறகு மாமாவே சொன்னார்.

அக்கவுண்ட்ஸ் அறைக்குள் அவர் வந்தபோது நான் மேசைக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். (எதையும் தேடவில்லை.)

"மாப்ள, எழுந்திருங்க. எனக்கு இன்னா பேரு வாங்கிக் குடுத்திருக்கீங்க?"

"மாமா, இது ஒரு ஸ்கீம்..."

"சீட்டுன்னீங்க."

அவர் சலீம் பாய் பக்கம் திரும்பினார். "ஒரு பேப்பர் குடு. நான் பத்துக் காசு வாடகை வாங்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போடறேன். நோட்டீஸ் போர்டுல ஒட்டு."

"அண்ணே, அத எழுதுனா உங்க மாப்ளக்கு பெரிய பேஜாராய்டும். பொய் ரசீது ஆய்டும்." சலீம் பாய் பன்னிரண்டையும் என் கையில் திணித்தார். "தோஸ்த்தா சொல்றேன் சார், இத வாபஸ் வாங்கிக்கங்க. மொத்த வரியும் மார்ச் சம்பளத்துல புடிச்சுடறேன். நீங்களும் ஒழுங்கா தூங்குவீங்க."

மார்ச் மாதம் எனக்கு வந்த சம்பளச் சீட்டில் சம்பளத்தைத் தவிர எல்லாம் இருந்தது.

போகட்டும், பாயிண்டாவது இருக்கிறதே! ரசீதுகளைத் திருப்பி வாங்கிய அன்று மாலையே முதன்முதலாகக் கார்டு கணக்கைத் திறந்து பார்த்தேன். அதுவரை பார்த்ததே இல்லை. வருடக் கடைசியில் மொத்தமாக ஏறும் என்று நானே முடிவு செய்திருந்தேன். கார்டு விதிமுறையில், எறும்பு எழுதியதுபோல் ஒரு வரி: வாடகைச் செலவுக்குப் பாயிண்ட் கிடையாது. வரிச் சட்டத்தையே கரைத்துக் குடித்தவன், கார்டோடு வந்த தாளைப் பிரிக்கவில்லை. பத்து மாதம் செயலிக்குக் கட்டணம் கட்டி, மாமாவைப் பேங்குக்கு நடக்க வைத்ததுதான் மிச்சம். ஷோபனா ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து தாளை எடுத்து நான்காக மடித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கீழே நிலைமை இன்னும் மோசம். மாமா எங்கள் அடுப்பிலிருந்து காபிகூட வாங்க மறுத்தார். "வாடகைக்குப் பதிலா சாப்பாடு போடறாங்கன்னு சொல்லுவானுங்க" என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் இட்லி தின்றார். மூன்றாம் நாள் ஷோபனா இறங்கிப் போனாள். நான் படிக்கட்டில் நின்று ஒட்டுக் கேட்டேன்.

"அப்பா, அவரு எதையும் திருடல. நான் ப்ளேன்ல போவணும்னு ஆசப்பட்டேன். அதுக்குத்தான் இந்தக் கூத்து."

"ப்ளேன்ல போவணும்னு என்கிட்ட சொல்றதுக்கு இன்னாம்மா?"

"உங்ககிட்ட எப்பிடிப்பா கேக்கறது?"

"மாப்ள பன்னெண்டு கையெழுத்துக் கேட்டாரே, அத மட்டும் எப்பிடிக் கேட்டாரு?"

ஒரு வாரம் கழித்து மாமா மாடிக்கு வந்து ஒரு கவரை நீட்டினார். உள்ளே அந்தமானுக்கு இரண்டு விமான டிக்கெட்! ஓய்வுப் பணத்திலிருந்து எடுத்து, டிராவல்ஸ் கடையில் நேரில் போய் வாங்கியிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா, நீங்க தெய்வம்" என்றேன். அப்போதே கம்பெனிக்கு போன் போட்டு ஐந்து நாள் லீவு சொன்னேன். டிரவுசர் இரண்டை எடுத்து வெளியே வைத்தேன். பிறகுதான் டிக்கெட்டில் இருந்த பெயர்களைப் படித்தேன். முதலில் ஷோபனா. அடுத்தது தேவராஜ்.

"வீட்ட பூட்டிட்டுப் போற பழக்கம் எனக்கு இல்ல மாப்ள" என்றார் மாமா. "நீங்க இருங்க."

அவர்கள் ஐந்து நாள் கடலைப் பார்த்தார்கள். நான் ஐந்து நாள் தண்ணீர் மோட்டாரைப் பார்த்தேன். கிளம்புவதற்கு முன் விமானத்திலிருந்து ஷோபனா ஒரு நிமிடம் பேசினாள். "இன்னாங்க, ஜன்னல் சீட்டுங்க! றெக்க தெரியுதுங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் என் எல்லாப் பாவமும் கரைந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் மாமா, "அவுர்கிட்ட மோட்டர நிறுத்தச் சொல்லு" என்றதும் கேட்டது.

விமானப் படிக்கட்டில் அப்பாவும் மகளும் கையசைக்கிற அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க போலயா?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஷோபனா பதில் சொல்லிவிடுவாள்.

"அவரு எங்கப்பாவுக்கு வாடகை கட்டிட்டு இருந்தாருங்க."