சீட்டுக் காசு

"என்னப்பா, மா டின்னுக்க காசு கிடக்கு?"

குசினியில் மனைவி வைதேகி தூக்கிக் காட்டிய டின்னைக் கண்டதும் சிவமணி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

அது அவர் போக்கர் சீட்டாடுகிற காசு. சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமைகளில் பிளாக்டவுன் பக்கம் ஒரு கிளப்பில் விளையாடுவார். வீட்டுக் காசைத் தொடமாட்டார். டின்னில் இருப்பதில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் மேசைக்குக் கொண்டுபோகமாட்டார். டின் இறங்கினால் அவரும் பந்தயம் குறைந்த சின்ன மேசைக்கு இறங்கிவிடுவார். ஒருநாளும் மீறாத ஒழுங்கு. ஆனாலும் 2011 குளிர்காலம் முழுக்க இறங்குமுகம். இவருக்கு நல்ல சீட்டு வந்தால் எதிரில் இருப்பவனுக்கு அதைவிட நல்ல சீட்டு வந்தது. இனி இறங்குவதற்குச் சின்ன மேசையும் இல்லை.

"சீட்டுக் காசு" என்றார். பொய் சொல்லவில்லை என்று ஒரு திருப்தி.

வைதேகியின் முகம் மலர்ந்தது. "மாதாமாதம் எல்லாரும் கட்டி ஒராள் எடுக்கிற சீட்டோ? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! நடத்துறது ஆர்?"

"நான்தான்."

எதிரில் இருப்பவன் காதைச் சொறிந்தாலே அவன் கையில் என்ன சீட்டு என்று சொல்லிவிடுகிறவர் சிவமணி. வைதேகியின் முகமோ வெறும் கண்ணாடி. ஒரு பிறந்தநாள் கேக்கைக்கூட ஒளிக்கத் தெரியாதவள். நம்பிவிட்டாள் என்று ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்தார்.

ஞாயிறு காலை வாசலில் பக்கத்து வீட்டு ஜெஸீமா. பின்னால் சபூரா, நாகலட்சுமி, இன்னும் ஐந்தாறு பெண்கள்.

"வைதேகி சொன்னா. எங்களையும் சீட்டில சேருங்கோ அண்ணன்."

"பழைய ஆளுங்க எல்லாம் எங்கண்ணா?" என்று கேட்டாள் நாகலட்சுமி.

"அவையள் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போட்டினம்." இதுவும் பொய்யில்லை.

ஜெஸீமா காசைக் கையில் வைத்து அழுத்தினாள். "ஒண்டு மட்டும் அண்ணன். நம்மட காசு வட்டியில படக்கூடா, சூதில படவே கூடா. நீங்கள் எண்டபடியால்தான் நம்பித் தாறன்."

நடத்துகிறவரும் மாதாமாதம் கட்டவேண்டும். டின் கரைந்தது. பிறகு ஓவர்டைம் காசும் அதிலேயே போனது. மிஞ்சியதில் இருபதில் ஒரு பங்குக்குக் கிளப்பில் ஒரு கோப்பி வாங்கலாம். ஆட்ட மேசைக் கதிரையில் உட்கார முடியாது.

ஒரு சனிக்கிழமை, அந்த மாதச் சீட்டை எடுத்த சபூராவுக்குக் கொடுக்கவேண்டிய மொத்தக் காசும் சட்டைப்பையில் இருக்க, கார் தன்பாட்டில் கிளப்புக்குப் போய் நின்றது. உள்ளே ஒருத்தன் தன் முன்னால் மலைபோலக் கிடந்த பந்தய வில்லைகள் முழுவதையும் ஒரே ஆட்டத்தில் தோற்றான். கண்கூட இமைக்கவில்லை. 'அப்பாடி, என்ன முகம்!' என்று சிவமணி மெய்மறந்து நின்றார். இந்த ஒரு கட்டு நோட்டோடு உட்கார்ந்தால்... கை பைக்குள் போனது. 'சூதில படவே கூடா' என்ற குரல் கேட்டது. கார் நார்த்மீட் வீட்டுப் பக்கம் திரும்பியது.

ஒவ்வொருவராக எடுத்து முடித்தார்கள். கடைசி மாதம் அவருடைய முறை. ஜெஸீமா கொண்டுவந்த கடைசிப் பங்கையும் போட்டதும் டின்னை மூட முடியவில்லை. அவர் வென்ற காலத்திலும் அது இப்படி நிறைந்ததில்லை. ஒரு சீட்டைக்கூடத் தொடாமல் இறங்குமுகம் எப்படித்தான் போனது! கோயிலில் நிற்பவர்போல டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வைதேகி இருவருக்கும் தேத்தண்ணி வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அதே கண்ணாடி முகம்.

"பாவம், ஒண்டும் அறியாத மனுசி" என்றார் சிவமணி, மெதுவாக.

"ஆரு, அவவோ?" ஜெஸீமா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரையேறியது. "டின்னைக் கண்ட அண்டைக்கே எங்கள் எல்லாருக்கும் போன் எடுத்தவ: 'மனுசன் கிளப்பில சீட்டு விளையாடித் தோத்துப்போய் நிக்கிறார், ஓடி வாங்கோ, அவர் சொன்ன பொய்யை உண்மையாக்கி விடுவம்' எண்டு!"