சுல்தானுக்கு முடி கொட்டிய விவகாரம்

எர்ணாவூர்,
1.11.2001

அன்புள்ள மச்சான் ஜெகதீசனுக்கு,

உன் அக்கா புருஷன் எத்திராஜ் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா புஷ்பவல்லியும் நலம். முயல்தான் நலமில்லை. தூத்துக்குடியில் நீயும் உன் மனைவியும் குழந்தை ஜோதிகாவும் சுகமாக இருக்க எல்லா தெய்வங்களையும் வேண்டுகிறேன். முக்கியமாக, இதைப் படிக்கும்போது ஜோதிகா பக்கத்தில் இருக்கக்கூடாது என்று வேண்டுகிறேன்.

உனக்கு மாற்றல் வந்தபோது, "மாமா, என் சுல்தானைப் பத்திரமா பார்த்துக்குங்க" என்று குழந்தை அழுதுகொண்டே கொடுத்துவிட்டுப் போன அந்த வெள்ளை முயலுக்கு ஒரு வாரமாக முடி கொட்டுகிறது. முதலில் கழுத்தடி, அப்புறம் நெஞ்சு, இப்போது வயிறு முழுக்க மொட்டை. இதில் மர்மம் என்னவென்றால், கொட்டிய முடி ஒன்றுகூடத் தரையில் இல்லை. இந்த ஊர் ஆலைப் புகைதான் காரணம் என்று நான் கூண்டின் மேல் ஈரத்துண்டு போட்டேன். அவன் துண்டைத் தின்றான். கண் திருஷ்டி என்று உன் அக்கா சூடம் சுற்றினாள். அப்புறம் கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை முதுகில் தேய்த்ததில் சுல்தான் கையில் நிற்காமல் வழுக்கிப் பக்கத்து வீட்டுக் கோலமாவில் போய் விழுந்து, பொரிக்கப்போகும் பஜ்ஜி மாதிரி வந்து நின்றான். கால்நடை டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "தோல்ல ஒண்ணும் இல்ல சார், ஏக்கமா இருக்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினோமே, அப்போது ஜோதிகா பேசியதெல்லாம் சுல்தானிடம்தான். அவனைப் பையில் கொண்டுபோய் ரிசீவரை அவன் காதில் வைத்திருந்தேன். லைன் பாதியில் போனதற்குத் தொலைபேசி இலாகாவைத் திட்டாதே. வயரைக் கடித்துவிட்டான்.

கடைசியில் எனக்குச் சந்தேகம் வந்தது எதிர்வீட்டுச் சிலுவையம்மாள் மேல்தான். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் அம்மாள். அவள் வளர்க்கும் கறுப்பு முயலும் நம் சுல்தானும் சாயங்காலம் மொட்டைமாடியில் சேர்ந்துதான் ஓடும். அந்தக் கறுப்பன்தான் முடியைப் பிய்த்துத் தின்கிறான் என்று நேரே போய்க் கேட்டேன்.

"இன்னா சார், நீ கண்ணால பாத்தியா?" என்றாள்.

"பார்க்கல. அப்ப முடி எங்கே போச்சு?"

"எனுக்கு இன்னா தெரியும்? உன் தலையில இருந்ததுகூடத்தான் பூட்ச்சு. அதையும் என் கறுப்பந்தான் துன்னுச்சா?"

மாடிப்படியில் நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்தது, மச்சான். அன்றோடு பேச்சுவார்த்தை இல்லை. வீட்டில் மீன் குழம்பும் இல்லை. அதனால் உன் அக்கா என்னோடும் பேசுவதில்லை.

ஆகவே, மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன். தீபாவளிக்கு இந்த வருஷம் வரவேண்டாம். இந்தக் கோலத்தில் அவனைப் பார்த்தால் குழந்தை தாங்காது, குழந்தை முகத்தைப் பார்த்தால் நான் தாங்கமாட்டேன். அதிரசம் பார்சலில் வரும். எல்லோரும் தீர்க்காயுசாக இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
எத்திராஜ்

பி.கு.: கவரை ஒட்டப்போன நேரத்தில் உன் அக்கா போட்ட கூச்சலில் பசை கொட்டிவிட்டது. கூண்டுக்குள் சுல்தான் படுக்கும் மரப்பெட்டியின் மூலையில், காணாமல்போன முடியெல்லாம் மெத்தை மாதிரி குவிந்திருக்கிறது. அதற்குள் சுண்டுவிரல் அளவில் ஏழெட்டு நெளிகிறது. சுல்தான் அவன் இல்லை மச்சான், அவள்! பெறப்போகிற குட்டிக்குக் குளிரக்கூடாதென்று தன் வயிற்று முடியைத் தானே பிடுங்கியிருக்கிறாள். அதற்குப் போய் நான் எண்ணெய் தேய்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அக்கா ஓடிப்போய்ச் சிலுவையம்மாளைக் கையோடு இழுத்துவந்தாள். அவள் எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "இன்னா சம்பந்தி, சொவமா கீறியா?" என்றாள்.

மேலே எழுதியதில் ஒரு வரியும் செல்லாது. தீபாவளிக்குக் கட்டாயம் வரவும். குட்டிகளுக்கு ஜோதிகாவே பெயர் வைக்கட்டும். எது ஆண், எது பெண் என்று மட்டும் என்னைக் கேட்கவேண்டாம்.