மாடி அறைக்கு ஒரு பிளான்

மனைவி மேரியின் குரல் எட்டாத ஓர் அறை கட்டிவிடுவது என்று சந்தனராஜ் முடிவெடுத்தது, ரிட்டயரான பதினோராவது மாதத்தில். திருக்கோகர்ணத்தில் நாலு நாளாக விடாத மழை. வீடு முழுக்கக் காயாத துணியின் வாடை. ஒரே மகன் ஜஸ்டின் கத்தாரில். வீட்டில் மிச்சம் இரண்டு பேர், ஒரு ஹால்.

கருவூலத்தில் சூப்பிரண்டாக இருந்தவரை, அவர் உள்ளே நுழைந்தால் ஒன்பது பேர் எழுந்திருப்பார்கள். இப்போது அவரே எழுந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, கொஞ்சம் அங்கிட்டு தள்ளி உக்காருங்க. கூட்டணும்."

"இப்பத்தான மேரி இங்கிட்டு வந்தேன்."

"இங்கிட்டும்தான் கூட்டணும்."

இதுதான் அன்றைய முழுப் பேச்சும். மறுநாள் காஸ் சிலிண்டரைப் பற்றி ஒரு வரி. அதற்கு மறுநாள் அதுவும் இல்லை.

அவர் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. மொட்டை மாடியில் ஓர் அறை. கோயில் குளத்தைப் பார்த்து ஒரு ஜன்னல். வெளியிலிருந்தே ஏறிப்போக ஒரு படிக்கட்டு. கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். தினமும் மத்தியானம் அந்தத் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டேதான் கண் அயர்ந்தார்.

உள்ளூர் எஞ்சினியரிடம் போக வழியில்லை. அவர் சர்ச் பாடகர் குழுவில் மேரியோடு பாடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் விஷயம் வெளியே வந்துவிடும். ஆகவே போனில் தேடினார். பழைய ஊர்களில் வீடு வைத்திருப்பவர்களுக்கென்றே சென்னையில் ஒரு நிறுவனம் இருந்தது. அளவும் போட்டோவும் அனுப்பினால் போதும். பிளான் வரைவார்கள், புராதனக் கோயிலுக்குப் பக்கத்து வீடு என்றால் தனியாக வாங்கவேண்டிய அனுமதிக்கும் காகிதம் தயார்செய்து தருவார்கள். 'நாங்கள் நேரில் வருவதில்லை' என்று போட்டிருந்தது. அந்த வரியைப் படித்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

விண்ணப்பத்தில் வீட்டு உரிமையாளர் பெயர், போன் நம்பர் என்று இரண்டு கட்டம். வீடு மேரிக்கு அவள் அப்பா கொடுத்தது. வரி ரசீதில் இருப்பது அடைக்கலமேரி. ஆயுள் பூராவும் அடுத்தவர் நிரப்பிய படிவத்தில் குற்றம் கண்டுபிடித்தவருக்குப் பொய் எழுதக் கை வரவில்லை. அவள் பெயரையே எழுதினார். அவள் நம்பரையே போட்டார்; கீழே, தொடர்புக்கு என்ற இடத்தில் மட்டும் தன் நம்பர். உரிமையாளரை யார் கூப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள்?

செவ்வாய்க்கிழமைகளில் மேரி அந்தோனியார் நவநாள் ஜெபத்துக்குப் போவாள். அந்த ஒரு மணி நேரத்தில், அவளுடைய தையல் டேப்பை வைத்தே வீட்டை அளந்தார். ஐந்தடி டேப். அளந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அடுத்த ஐந்தடிக்கு நகர்வதற்குள் விரல் நகர்ந்துவிடும்.

பிளான் வரைகிற பெண் ப்ரியங்கா கூப்பிட்டாள்.

"சார், ஹால் உள்பக்கம் இருபத்தாறு அடின்னு அனுப்பியிருக்கீங்க. வெளிச்சுவர் இருபத்திநாலுதான் வருது."

"அதனால என்னம்மா?"

"வீட்ட விட ஹால் பெருசா இருக்கு சார்."

"பழைய கட்டடம்மா. அந்தக் காலத்துல தாராளமாத்தான் கட்டுவாங்க."

"பாத்துக்கிறேன் சார்," என்று வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் ஒரு கேள்வியும் வரவில்லை. மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டவள், அளவெல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது, பிளான் தயார், உரிமையாளர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்றாள். சந்தனராஜுக்குத் தன் விரல்மேல் மரியாதை வந்தது.

கையெழுத்துக்கு மூன்று பொய் தயார்செய்தார். அவற்றில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். வெளியே மறுபடியும் தூறல்.

"மேரி, ஒரு பேப்பர்ல ஒன் கையெழுத்து வேணும்."

"எதுக்குங்க?"

"மாடி ஒழுகுதுல்ல. ரிப்பேருக்கு."

மேரி ரசம் ஊற்றி முடித்தாள். கையைக் கழுவித் துடைத்தாள். தையல் மிஷின் டிராயரிலிருந்து மடித்த பெரிய தாள் ஒன்றை எடுத்துவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். அதில் அவள் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

"ஹால் அளவு இடிக்குதுன்னு அந்தப் புள்ள எனக்கு போன் பண்ணுச்சு. நீங்க அறந்தாங்கி கல்யாணத்துக்குப் போன அன்னைக்கு நான்தான் வீடு பூரா அளந்து குடுத்தேன். பிளானும் எம் பேருக்குத்தான் தபால்ல வந்துச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லல. நானும் சொல்லல."

சந்தனராஜ் இடது கையால் தாளைத் திருப்பிப் பார்த்தார். மாடி அறை இருந்தது. குளத்தைப் பார்த்த ஜன்னல், வெளிப் படிக்கட்டு, உள் தாழ்ப்பாள், எதுவும் குறையவில்லை. அறையின் நடுவில் 'தையல் அறை' என்று எழுதியிருந்தது.

"இது நான் கேட்ட ரூமு மேரி."

"ஆமாங்க. நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க. நான் எதையும் மாத்தல. பேர மட்டுந்தான் மாத்தச் சொன்னேன்."

"என்னைய விட்டுட்டு மேல போயி இருக்கப்போறியா?"

அவள் எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை மாதத்தில் அவள் அப்படி எதிரில் உட்கார்ந்ததாக அவருக்கு நினைவில்லை.

"முப்பத்திரண்டு வருஷம், காலைல ஒம்பதுல இருந்து சாயந்தரம் ஆறு வரைக்கும் இந்த வீடு எனக்கு மட்டுமா இருந்துச்சு. நான் பாட்டுக்குத் தைப்பேன், பாட்டுக் கேப்பேன், சும்மாவும் உக்காந்திருப்பேன். நீங்க ரிட்டயரான அன்னைக்கு ஒங்களுக்கு எல்லாரும் மாலை போட்டாங்க. எனக்கு அன்னையில இருந்து ஒரு மூலை இல்லங்க."

தப்பித்துப் போக நினைத்தது தான் மட்டும்தான் என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்தார். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் பதிலுக்குக் கோபப்படலாம். அதுவும் இல்லை.

"அப்ப நானு?"

"கீழ பூரா ஒங்களுக்குத்தான்."

ஒரு நிமிஷம் அது ஆறுதலாகவே இருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கீழ்த்தளத்து வரைபடத்தைப் பார்த்தார். சமையல் மேடையை இடித்து, அரை அடி உயர்த்திப் போட்டிருந்தது.

"மேடைய ஏன் இவ்வளவு ஒசரமாப் போட்டிருக்கு? ஒனக்கு எட்டாதே மேரி."

"எனக்கு எதுக்குங்க எட்டணும்? ஒங்க ஒசரம் என்னன்னு ப்ரியங்கா கேட்டுச்சு, சொன்னேன்."